ஆடியில் நிறுத்திவைத்தவை

பக்கத்து அறையில் ஓர் ஆண்குரல் கேட்டது. மாமியார் ராஜாமணி அத்தையின் அறையில், மாமா போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டிலில் படுத்துக்கொள்ளும் அத்தையின் அறையில், வாசல் விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஓர் ஆண்குரல், அதுவும் ஏற்றமும் இறக்கமும் இல்லாத, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே முகத்தோடு வந்து நிற்கிற ஆளைப் போன்ற குரல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிதானமாக, “இனிய காலை வணக்கம், கூப்பிய கைகள், கூப்பிய கைகள், சூரியகாந்திப் பூ” என்று சொன்னது. சிந்துஜாவுக்கு உள்ளங்கால் ஜில்லென்று ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஏனென்றால் உள்ளங்கால் என்று ஒன்று தனக்கு இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது; தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, நீட்டிய கால்கள்மேல் தலையணையைப் போட்டுத் தலையணைமேல் பாப்பாவைப் போட்டு ஆட்டி ஆட்டி, காலையில் குத்திய தடுப்பூசிக்குப் பகல் பூராவும் வீறிட்டவள் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள், கால்கள் இரண்டும் யாரோ இறக்கிவைத்துவிட்டுப் போன விறகுக்கட்டைகளாகக் கிடந்தன. திருடன் என்றது மனசு. பாப்பா பிறந்ததிலிருந்து மனசுக்கு வேறு வார்த்தை தெரியாது, லிஃப்ட் நின்றால் திருடன், பால்காரர் பையைக் கொக்கியில் மாட்டினால் திருடன், ஒருநாள் புருஷன் தரணியே குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது திருடன். ஆனால் எந்தத் திருடன் இருட்டிய பிறகு வந்து காலை வணக்கம் சொல்வான், அதுவும் இரண்டு தடவை கைகூப்பி, பூவோடு? ஓட்டுக் கேட்க வந்தவனாக இருக்குமோ, மூன்றாவது மாடியில், அத்தையின் கட்டிலுக்கு அடியிலிருந்து? அல்லது மலைமேல் கான்வென்டில் மாரல் சயின்ஸ் எடுத்த சிஸ்டர் இக்னேஷியா சொல்வாரே, சாத்தான் கொம்போடு வரமாட்டான், பெண்களே, மிகவும் மரியாதையாகத்தான் வருவான் என்று. இது மரியாதையாகத்தான் இருக்கிறது. காவல்தூதர் செபத்தில் பாதியும் மருதமலையானுக்குப் பாதியுமாக அவள் உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் தொண்டையைக்கூடச் செருமாமல், “குனியமுத்தூர் வசந்தி கீச்சியது. இன்று எங்கள் வீட்டில் பருப்பு உருண்டைக் குழம்பு. நாக்கை நீட்டும் முகம்” என்றது, பின்னாலேயே அத்தையின் சொந்தக் குரல், “இவ உருண்டை என்னைக்கு உருண்டையா இருந்துச்சு” என்று பதில் சொன்னது, அப்போதுதான் சிந்துஜாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

வாசிப்பான். சாயங்காலம் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே தரணி என்னவோ சொன்னானே, பாப்பாவின் அழுகையில் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, அது இதுதான். அத்தைக்குப் போன வாரம் கண்புரை ஆபரேஷன், செல்போனைக் கண்ணால் பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் அத்தை, “அப்பறம் எதைத்தான் பாக்கறது, சுவத்தையா” என்று கேட்டுவிட்டு நிஜமாகவே இரண்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற உடம்பு, ஊர் பேசுவது காதில் விழாவிட்டால் சோறு இறங்காது. அதற்காகக் கீச்சுகளை, நடுவில் வரும் பொம்மைப் படங்களின் பெயர் உட்பட, வாய்விட்டு வாசிக்கிற ஒன்றைத் தரணி மாட்டிக்கொடுத்திருக்கிறான். இந்தக் குடும்பமே அப்படி. கீச்சு என்பது நாலு வரிக்கு மேல் எழுதவிடாத ஒரு தக்குணூண்டு தளம், உலகத்தில் மற்றவர்கள் அதில் எழுதுகிறார்கள், படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், அத்தோடு சரி. இவர்கள் வீட்டில் மட்டும் அது புதுசாக வாங்கிய ஸ்கூட்டர் மாதிரி, சேலை கார்டு, சீட் கவர், முன்னால் எலுமிச்சம்பழம் என்று எதையாவது மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாட்டிக்கொடுக்கிற மெக்கானிக் தரணியின் சித்தப்பா பையன் குகன். துண்டு துண்டாக எழுதியதைக் கோத்துக்கொடுக்க ஒன்று, எழுதியதைப் பழசானதும் அழிக்க ஒன்று, நம்மைப் பின்தொடர்வதை யார் நிறுத்தினார்கள் என்று கோள் சொல்ல ஒன்று. அந்தக் கோள் சொல்லியால்தான் நாத்தனார் கோமதி ஒரு காதுகுத்தில் தன் சொந்தச் சம்பந்தியம்மாளுக்கு மட்டும் இலையில் பாயசம் ஊற்றாமல் தாண்டிப்போனாள், அந்தம்மாள் ஏதோ கை தவறி விரல் பட்டு விலகியிருந்தாள், பாவம், இன்றுவரை பாயசம் ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே குகனின் பெருமை ‘நல்லநேரம்’. நீங்கள் எந்நேரம் எழுதினாலும் அது பஞ்சாங்கத்தைப் பார்க்கும், ராகுகாலமா, எமகண்டமா, பிடித்து நிறுத்திக்கொள்ளும், நல்ல ஓரை வந்ததும் வெளியே விடும். பாப்பா பிறந்த செய்தி அஷ்டமியில் ஊருக்குப் போய்விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியிலேயே தரணி அதை இவள் போனில் மாட்டினான், இவள் அப்போது தையல் வலியில் கிடந்தாள், எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள் என்றாள். மாட்டியது மாட்டியபடி இருந்துவிட்டது.

அதனால்தான் ஆடி பிறந்த அன்றைக்கு, ‘பாப்பா இன்னைக்குத் தானாகவே குப்புற விழுந்துட்டா’ என்று இவள் எழுதி அனுப்பியது போகவில்லை. அனுப்பு பொத்தானை அழுத்தியதும் மறைந்தது, ஆனால் எங்கேயும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, தரணியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், தரணியிடம் சொல்ல வேண்டியவை வரிசையில் அது ஏழாவதோ எட்டாவதோ, தரணி விழித்திருக்கும்போது இவள் தூங்கினாள், இவள் விழித்திருக்கும்போது அவன் மில்லில் இருந்தான். அப்புறம் ஒருநாள் மத்தியானம் அத்தை போனில் யாரிடமோ, “என்னமோ சாமி, இவளுக்குப் பால் பத்தறதில்ல” என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே கை தன்பாட்டுக்கு நாலு வரியை எழுதி அழுத்திவிட்டது, அழுத்தியதும் அதுவும் மறைந்தது, மறைந்ததும் என்ன ஓர் ஆசுவாசம்! கான்வென்டில் சனிக்கிழமை சாயங்காலம் கத்தோலிக்கப் பெண்கள் கூண்டுக்குள் இருக்கும் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்ல வரிசையாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள், இந்துப் பெண்கள் வெளித் தோட்டத்தில் களை பிடுங்க வேண்டும். தோழி ஜெசிந்தா உள்ளே போகும்போது முகம் உப்பியிருக்கும், வெளியே வரும்போது குளித்துத் தலைவாரியதுபோல வருவாள். என்னடி சொன்னே என்று கேட்டால், சொல்லக்கூடாது, சொன்னது அங்கேயே செத்துடும் என்பாள். களையைப் பிடுங்கிக்கொண்டே சிந்துஜா ஏங்குவாள், சொன்னது அங்கேயே செத்துப்போகிற ஓரிடம் தனக்கும் வேண்டும் என்று, மருதமலை முருகன் நல்ல சாமிதான், ஆனால் அங்கே நின்று பேச முடியாது, பின்னாலிருந்து தள்ளிவிடுவார்கள். இத்தனை வருடம் கழித்து அந்தக் கூண்டு கையடக்கமாகக் கிடைத்தது. ஆடி மாதம் முழுக்க அவள் சொன்னாள். காலையில் சொன்னாள், கழிவறையில் சொன்னாள், பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கட்டைவிரலால் சொன்னாள். வெறுமனே எழுதி அழித்தால் அந்தச் சுகம் வராது, அனுப்ப வேண்டும், அழுத்த வேண்டும், ‘போ’ என்று துரத்த வேண்டும். துரத்தியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போய், “ஏனுங்கத்தை, நானு வெங்காயம் உரிக்கட்டுங்களா” என்று அவ்வளவு பிரியமாகக் கேட்டாள். இந்த ஒரு மாதமாக மாமியாரும் மருமகளும் எத்தனை ஒற்றுமை என்று எதிர்வீட்டம்மாளே சொல்லும்படியாகத்தான் இருந்தது.

இதையெல்லாம் நினைத்து உதட்டில் ஒரு சிரிப்புக்கூட வந்துகொண்டிருந்தது, பாப்பாவின் நெற்றிப்பொட்டு வியர்வையில் இளகிப் புருவத்துக்கு இறங்கியதை ஒற்றை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள், அப்போது சுவருக்கு அப்பாலிருந்து வாசிப்பான் அதே இழவு முகத்தோடு, “குகன் சென்னியப்பன் கீச்சியது. நல்லநேரம் அன்பர்களுக்கு வணக்கம். இன்று இரவு எட்டு மணிக்குச் சூரிய பகவான் சிம்ம ராசிக்குள் நுழைகிறார். ஆவணி பிறக்கிறது. ஆடியில் நிறுத்திவைத்த உங்கள் கீச்சுகள் அனைத்தும் எட்டு மணி முதல் ஒவ்வொன்றாகத் தானாகவே வெளிவரும். ஆடி முழுவதும் பொறுமை காத்த உங்களுக்கு நன்றி. தீபம். தீபம். ராக்கெட்” என்றது. “அட, நம்ம குகனு,” என்றார் அத்தை. சிந்துஜாவின் விரல் பாப்பாவின் புருவத்திலேயே நின்றுவிட்டது. நிறுத்திவைத்த. அனைத்தும். நிறுத்திவைத்த என்றால் என்ன பொருள், நிறுத்திவைத்த என்றால் சாகவில்லை என்று பொருள். சாமியார் கூண்டுக்குள்ளே உட்கார்ந்து கேட்டதையெல்லாம் எழுதிவைத்து, கொடியேற்றத்தன்று மைக் வைத்து வாசிக்கப்போகிறார் என்று பொருள். ஆடி! ஆடியில் கல்யாணம் கிடையாது, புதுவீடு கிடையாது, போர்வெல்கூடப் போடமாட்டார்கள், இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா, ஆடியில் நிற்பதெல்லாம் ஆவணியில் நடக்கும் என்று ஜவுளிக்கடைப் பொம்மைக்குக்கூடத் தெரியும். பள்ளியில் படித்ததெல்லாம் ஜனவரி பிப்ரவரி. ஆடி என்றால் தள்ளுபடி என்பதற்கு மேல் சிஸ்டர் இக்னேஷியா ஒன்றும் சொல்லித்தரவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் எட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுகொண்டிருந்தது, நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்த்ததும் இன்னும் வேகமாக ஓடியது.

போன் அலங்கார மேஜைமேல் சார்ஜில் கிடந்தது, எட்டினால் எட்டாது, எழுந்தால் எட்டும். எழுந்துவிடு என்றாள் தனக்குத்தானே, பாப்பா அழுதால் அழட்டும், பாப்பா பிறந்ததே அழத்தான். ஆனால் மரத்துப்போன கால்களோடு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுந்தால், அந்த முதல் அடியில் கால் மடங்கினால், என்று நினைத்ததுமே தரையின் மொசைக் பெரிதாகத் தெரிந்தது, அதில் கறுப்புக் கல் வெள்ளைக் கல் எல்லாம் கூர்கூராக நிமிர்ந்தன, கை தானாகப் பாப்பாவை இறுக்கிப் பிடித்தது, இல்லை, எழ முடியாது, எழமாட்டாள். தலையணையோடு சேர்த்து மெல்ல நகர்த்தித் தரையில் வைத்துவிட்டால்? தரையில் எறும்பு. எறும்பு இல்லை, ஆனால் வரும். அத்தையைக் கூப்பிட்டு, அந்தப் போனைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க என்று கேட்கலாம். அத்தை போனை எடுத்துக் கொடுப்பதற்குள், யாருக்கு, இந்நேரத்துக்கு எதுக்கு, உன்ற அம்மாவுக்கா, நானும் ரெண்டு வார்த்தை பேசறேன் என்பார், அதோடு சொந்தச் செல்லை இடுப்பில் செருகிக்கொண்டே நடப்பவர் அவர், வாசிப்பான் இடுப்பிலிருந்தே இந்த அறைக்குள் வந்து வாசிக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஹேங்கர் கிடந்தது, அத்தையின் வெள்ளை ரவிக்கை மாட்டியது. ரவிக்கையைக் கழற்றி மரியாதையாக மடித்து வைத்துவிட்டு (இந்த நேரத்திலும் மடித்து வைத்தாள், கான்வென்ட் விடவில்லை) ஹேங்கரின் கொக்கியை நீட்டித் தொங்கிக்கொண்டிருந்த சார்ஜர் வயரில் போட்டாள், விழவில்லை, போட்டாள், விழுந்தது, இழுத்தாள், வந்தது, வயர் மட்டும் வந்தது. போன் மேஜைமேலேயே கழன்று நின்றுகொண்டது. மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் தூண்டில் மட்டும் கைக்கு வந்ததுபோல வயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னென்ன எழுதினாள்? அதுதான் முதலில் தெரிய வேண்டும், எண்ணிப் பார்க்க வேண்டும். பால் செய்தி. ஐயோ, பால் செய்தி. அது குகனுக்குப் போகும், தரணியின் பெரியப்பாவுக்குப் போகும், மில் மேனேஜருக்குப் போகும், மில் மேனேஜர் பாப்பா குப்புற விழுந்ததற்கு வாழ்த்துச் சொல்லலாம் என்று திறப்பார். பெருங்காயம் பற்றி ஒன்று. ‘எங்க பிள்ளை’ பற்றி ஒன்று, இவள் ‘என் பிள்ளை’ என்று சொல்லும்போதெல்லாம் அத்தை ‘எங்க பிள்ளை’ என்று திருத்துவதைப் பற்றி, அது கொஞ்சம் நன்றாகவே வந்திருந்தது, அதை எழுதியபோது இதை யாராவது படிக்க வேண்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே, கேட்டுவிட்டதே யாரோ.

படித்தால் என்ன ஆகும்? சண்டை வரும். சண்டை வரட்டும், சண்டை ஒன்றும் புலியில்லை. ஆனால் அத்தை சண்டை போடமாட்டார். அத்தைக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும், பேச்சு நின்றால் மறுநாள் காலையில் பச்சைப் பையில் நாலு சேலையை மடித்து வைத்துக்கொண்டு, திருப்பூர்ல கோமதி கூப்புட்டுட்டே இருக்கா, ஒரு எட்டுப் போய்ட்டு வரேன் என்பார், போன தடவை தரணி ஏதோ சொல்லிவிட்டான் என்று அந்த ஒரு எட்டு மூன்று மாதம் ஆனது. போகட்டுமே, பெருங்காய வாசனை இல்லாமல் நிம்மதியாக இருக்கலாமே, என்று நினைத்துப் பார்க்க முயன்றாள், நினைப்பு பாதி வழியில் முள்ளில் மாட்டிய முந்தானைபோல நின்றது. தரணி இல்லாத இரவு, இந்த அறை, பாப்பா, சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அத்தையின் கட்டில் கிறீச்சிடவில்லை, சொட்டுமருந்துக்கு எழுந்து சொம்பைத் தேடும் சத்தம் இல்லை, மருமகளைப் பற்றி யாரிடமோ ரகசியம் என்று நினைத்துக்கொண்டு உரக்கப் பேசும் அந்தப் பேச்சுகூட இல்லை. வெறும் அறை. இது எப்படி, வையவும் அவர் வேண்டும், வைதுவிட்டு அந்தப் பக்கம் இருக்கவும் அவரே வேண்டும் என்பது என்ன நியாயம், ஜெசிந்தாவிடம் கேட்க வேண்டும், ஜெசிந்தா கனடாவில் இருக்கிறாள். அப்புறம் அந்த ஒன்று. அதை நினைக்கக்கூடாது என்று இவ்வளவு நேரம் மற்றதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஓர் அதிகாலையில், தரணி இன்னும் வரவில்லை, எழுதி அனுப்பியது, எழுதும்போது பல் கிட்டியது. அது அத்தையைப் பற்றியதே இல்லை. அத்தையை வைததையெல்லாம் கூடப் படித்துக்கொள்ளட்டும், பெருங்காயத்தை ஊரே மோந்து பார்க்கட்டும், அது ஒன்றை மட்டும், முருகா, காவல்தூதரே, கடைசி வரிசையில் வைத்து, அதற்குள் கரண்டைப் போகவை.

கரண்ட் போகவில்லை. கடிகாரத்து முள் எட்டைத் தொட்டது, சூரியன் எந்தச் சத்தமும் இல்லாமல் சிம்மத்துக்குள் போனான், மேஜைமேல் போன் வெளிச்சமாகி வண்டுபோல ஒருமுறை அதிர்ந்தது, சுவருக்கு அப்பால், “சிந்துஜா தரணிதரன் கீச்சியது” என்றது குரல், அத்தை, “அட, நம்மவ” என்று சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தது கட்டிலின் கிறீச்சில் கேட்டது. “பாப்பா இன்னைக்குத் தானாகவே குப்புற விழுந்துட்டா. இதயக் கண்கள்.” “அது போன மாசமே விழுந்தாளே,” என்றார் அத்தை. சிந்துஜா பாப்பாவைப் பார்த்தாள். அழு கண்ணு. ஒரே வழி அதுதான், இவள் அழுதால் எந்த வாசிப்பானும் எடுபடாது, பகலெல்லாம் கீழ்வீட்டு டி.வி.யையே அமுக்கியவள். உள்ளங்காலைச் சுண்டினாள். பாப்பா உதட்டைச் சப்புக்கொட்டினாள். கடுகு வெடித்தால் விழிக்கிற பிள்ளை, காகிதத்தைத் திருப்பினால் விழிக்கிற பிள்ளை, காதுமடலை இழுத்தும் கன்னத்தைத் தட்டியும் மூக்கில் ஊதியும் மகாராணிபோலத் தூங்கினாள். “சிந்துஜா தரணிதரன் கீச்சியது. எனக்குப் பால் பத்தவில்லை என்று அத்தை இன்று ஒன்பது பேருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். என் பாலைப் பற்றிக் காலைச் செய்தி, மாலைச் செய்தி, முக்கியச் செய்திகள் மீண்டும் ஒருமுறை. ஒலிபெருக்கி. ஒலிபெருக்கி. அழும் முகம்.” வைததைவிட அந்த அழும் முகத்தை அது அழாமல் சொன்ன விதம்தான் சிந்துஜாவுக்குத் தாங்கவில்லை. “சிந்துஜா தரணிதரன் கீச்சியது. அத்தை சாம்பாரில் போடுகிற பெருங்காயத்துக்கு எறும்புகள் வீட்டைக் காலி செய்துகொண்டு போகின்றன.” அப்புறம் ‘எங்க பிள்ளை’. அதைக் குரல் வாசித்தபோது அது ஒன்றும் அவ்வளவு நன்றாக வந்திருக்கவில்லை என்று தெரிந்தது. அப்புறம் இவளுக்கு எழுதிய நினைவே இல்லாத ஒன்று: “அத்தை விடுகிற குறட்டைக்கு மூன்று தெரு தள்ளி ஒரு நாய் பதில் சொல்கிறது. இரண்டும் ஏதோ குடும்ப விஷயம் பேசுகின்றன.” கட்டில் கிறீச்சிட்டது. சிந்துஜா கண்ணை மூடிக்கொண்டாள், மூடினால் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடித்தாள், திறந்துகொண்டாள்.

“சிந்துஜா தரணிதரன் கீச்சியது,” என்றது குரல், இப்போது வரப்போவது அதுதான் என்று முதல் எழுத்துக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எப்படித் தெரிந்ததோ, “பாப்பா மூச்சு விடுகிறாளா என்று ராத்திரி முழுக்க மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன். தரணி இல்லாத நாளில் நான் தூங்குவதே இல்லை. தூக்கினால் போட்டுவிடுவேனோ என்று கை நடுங்குகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இவள் ஒரு அம்மாவா என்று பிள்ளையை வாங்கிக்கொள்வார்கள். புள்ளி. புள்ளி. புள்ளி.” குரல் அந்த மூன்று புள்ளிகளையும் ஒவ்வொன்றாக, சமமாக, சிரத்தையாக எடுத்து வைத்துவிட்டு நின்றது. அப்புறம் அந்த வீட்டில் ஃபேன் சுற்றியது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். அதுதான், முடிந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் இனி பச்சைப் பையைக் கொக்கியிலிருந்து எடுக்கும் சத்தம்தான் பாக்கி, சிந்துஜா காதை அந்தச் சத்தத்துக்கென்றே திறந்து வைத்துக்கொண்டாள், பையில் முதலில் வைப்பது மாம்பழக்கலர் சேலையாக இருக்கும், அப்புறம் சொட்டுமருந்து, டாக்டரிடம் அடுத்த வாரம் காட்ட வேண்டுமே, திருப்பூரிலேயே காட்டிக்கொள்வார், மன்னிச்சுக்குங்கத்தை என்று சொல்ல வேண்டும், எதற்கென்று கேட்டால் எதற்கென்று சொல்வது, வரிசையாகச் சொல்ல முடியுமா, பாலுக்கு ஒன்று, பெருங்காயத்துக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று. ரப்பர் செருப்பு சரக் சரக்கென்று வந்தது. பைக்குப் போகவில்லை, இங்கே வந்தது. அறை வாசலில் அத்தை நின்றார், ஆபரேஷனுக்குக் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியோடு, சமையலறையைச் சோதனை போட வந்த போலீஸ் அதிகாரிபோல. ஒரு கக்கத்தில் பாய், இன்னொரு கக்கத்தில் தலையணை. கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை.

“நானு குறட்டை விடறனா?” என்றார் அத்தை.

சிந்துஜா இல்லை என்று தலையாட்டினாள், அப்புறம் ஆமாம் என்று ஆட்டினாள், கறுப்புக் கண்ணாடிக்கு இரண்டுமே தெரிந்திருக்காது. அத்தை அதற்குக் காத்திருக்கவில்லை. பாயைத் தரையில் உதறிப் போட்டு, பாப்பாவின் தலை எந்தப் பக்கம் என்று கையால் தடவிப் பார்த்து அதற்கு இந்தப் பக்கமாக நகர்த்தி விரித்தார். மாமா அத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருந்தார், ஒரு ராத்திரியாவது வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை என்றார். மாமாவுக்கு ஒரு காது கேட்காது என்பது சிந்துஜாவுக்குத் தெரியும், சொல்லவில்லை. குனிந்து தலையணையோடு பாப்பாவை அப்படியே அள்ளி, எறும்பும் இல்லாத ஒன்றும் இல்லாத தரையில் பாயின் நடுவில் வைத்தார், பாப்பா அசையவில்லை, சிந்துஜாவின் கால்களுக்குள் ஓராயிரம் ஊசிகள் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன.

“இந்தப் பக்கம் நீ படு. முழிச்சுக் கெடந்து நல்லாக் கேளு, குறட்டை வந்தா என்னை எழுப்பு, பாத்துப்போடலாம். கேக்காமத் தூங்கிப்போட்டின்னா அது உன்ற தப்பு, நாளைக்கு நாயி கீயின்னு பேசப்படாது,” என்றார். அப்புறம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, யாரிடமோ வேறு ஏதோ சொல்கிறவர்போல, “நானு எப்படியும் மருந்துக்கு ரெண்டு மூணு தடவை எந்திரிப்பேன். எந்திரிக்கறப்போ பிள்ளை மூச்சையும் பாத்துக்கறேன். நீ ஒருத்தியே பாக்கோணும்னு என்ன இருக்குது” என்றார்.

சிந்துஜா, “அத்தை,” என்றாள். பாயின் சுருண்ட நுனியை இழுத்து நேராக்கினாள்.

அதற்குள் பக்கத்து அறையில், அத்தை என்றைக்குமில்லாமல் இடுப்பில் செருகாமல் விட்டுவந்த செல்லிலிருந்து, ஆளில்லாத கட்டிலைப் பார்த்து வாசிப்பான் மறுபடி ஆரம்பித்தது: “சிந்துஜா தரணிதரன் கீச்சியது. இன்று அத்தை வைத்த ரசத்தை.” சிந்துஜா ஊசிக்கால்களோடு சுவரைப் பிடித்து எழப்போனாள், அதை நிறுத்திட்டு வந்துடறேனுங்கத்தை, இன்னும் எத்தனை இருக்கிறதென்று எனக்கே தெரியாது என்று. அத்தை கையால் அவளை அமுக்கி உட்கார வைத்தார். அது பாட்டுக்குப் படித்துக்கொள்ளட்டும், எக்ஸ்சேஞ்சில் இருந்த காலத்தில் ஊரே என்னைக் காதுபட வைதது தெரியுமா, கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டேதான் இருந்தேன் என்றார். மேஜைமேல் இவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது, திரையில் கோமதியின் பெயர். அத்தை அதை எடுத்து, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மடித்து வைத்திருந்த தன் ரவிக்கைக்குள் சுற்றி மேஜை டிராயரில் போட்டு மூடினார். அப்புறம் இந்த அறை வாசலுக்குப் போய், ரசத்தின் புளிப்பைப் பற்றி அந்தக் குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவைச் சாத்தினார். ஆடிச் சாரலில் மரம் ஊறி உப்பியிருந்தது, தாழ்ப்பாள் துளைக்கு நேராக வரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தோளைக் கொடுத்து, “இரு, இரு” என்று கதவிடமே சொல்லிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினார். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை தாழ்ப்பாள் உள்ளே போய் உட்கார்ந்தது.